புனிதனைத் தேடிய புனிதன்

புனிதன் வலது கையால் சட்டைப்பையை மூடிக்கொண்டு வேனிலிருந்து இறங்கினான்.

“என்னாடா, நெஞ்சு வலிக்குதா?” என்று கேட்டான் லோகேஸ்வரன். ஒரே தோட்டம், ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே வேன்.

“வாய மூடுடா. பேட்ஜ் பிச்ச எடம் தெரியுது.”

தெரியத்தான் செய்தது. இரண்டு வருட வெயிலிலும் சவுக்காரத்திலும் சட்டை முழுக்க வெளுத்துப் போயிருக்க, பள்ளிச் சின்னம் தைத்திருந்த இடம் மட்டும் புதுத்துணி மாதிரி பளிச்சென்று நீலமாக இருந்தது. போன வருடம் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் புனிதன் மாணவர் தலைவன். இளநீலச் சட்டை, கருநீலக் காற்சட்டை. அந்த மரியாதையெல்லாம் ஆறாம் ஆண்டோடு முடிந்துவிட்டது. இன்றைக்கு அவன் பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம். வெள்ளைச் சட்டையும் பச்சைச் சிலுவாரும் போட்டு, ஐந்நூறு பேரில் ஒருவனாக அடங்கி ஒடுங்கி நிற்க வேண்டிய நாள்.

நிற்க முடியவில்லை. காரணம், தையல்காரத் தங்கமணி அக்கா.

லோகேஸ்வரனுக்குக் கடை உடுப்பே போதும். புனிதன் நெட்டை. கடைச் சிலுவார் அவன் இடுப்புக்குச் சரியாக இருந்தால் கணுக்காலுக்கு மேலே நிற்கும். கணுக்காலுக்குச் சரியாக இருந்தால் இடுப்பில் நிற்காது. இங்கிருந்து சுங்கை புரோங் வரைக்கும் இப்படி வளர்ந்து தொலைத்த பிள்ளைகளுக்கெல்லாம் தங்கமணி அக்காதான் கதி. அவள் “வர்ற புதங்கெழம கண்டிப்பா” என்று சொல்லிச் சொல்லியே நாலு புதன்கிழமைகள் போய்விட்டன. தையல் மெஷினின் மோட்டார் எரிந்துவிட்டதாம், கிள்ளானிலிருந்து புது மோட்டார் வரவேண்டுமாம்.

“பழைய நீலத்தையே போட்டுட்டுப் போ,” என்று அம்மா கங்கா சொல்லிவிட்டாள். செம்பனை ஆலையில் துப்புரவு வேலை. காலையில் வாதம் செய்ய அவளுக்கு நேரமில்லை. “யாரும் கேட்டா, தையக்காரம்மா இன்னும் குடுக்கலன்னு உள்ளதச் சொல்லு. ஸ்கூல்லேர்ந்து ஒரே ஒரு போன் வரட்டும், கலும்பாங் மாமா வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வந்துருவேன்.”

கலும்பாங் மாமா ரவீந்திரன் சிறைச்சாலையில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்ததே தவிர விசில் ஓயவில்லை. அதிகாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குள் ஊதுவார். அவர் பெற்ற மகனே சாப்பாட்டு மேசையில் தண்ணீர் வேண்டுமென்றால் கையைத் தூக்குவான். போன விடுமுறையில் நாலு நாள் அங்கே இருந்துவிட்டு வந்த புனிதன், வீட்டுக்கு வந்தபின்னும் ஒரு வாரம் குளியலறைக்குப் போக அம்மாவிடம் அனுமதி கேட்டான்.

ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். சொல்ல வேண்டியதை மலாயில் பன்னிரண்டு தடவை வேனிலேயே ஒத்திகையும் பார்த்துவிட்டான்.

வாசலில் கட்டொழுங்கு ஆசிரியர் ஹஸ்னி நின்றார்; மலாய் வழக்கில் சிகு ஹஸ்னி. கழுத்தில் விசில். புனிதனுக்குக் கலும்பாங் ஞாபகம் வந்தது.

“சிகு, என் சட்டை...”

“சட்டைக்கு என்ன? நன்றாகத்தானே இருக்கிறது,” என்றார் அவர் மலாயில். “பெங்காவாஸ் நீயே இவ்வளவு தாமதமாக வந்தால் மற்றவன் எப்போது வருவான்? இந்தா, பிந்தி வருகிறவன் பெயரையெல்லாம் எழுது.”

கையில் ஒரு நோட்டுப் புத்தகம் வந்து விழுந்தது. ஒத்திகை பார்த்த வாக்கியத்தைப் புனிதன் தேடிப் பிடிப்பதற்குள் சிகு ஹஸ்னி ஒரு மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு போய்விட்டார்.

இடைநிலைப்பள்ளியிலும் பெங்காவாஸ் என்கிற மாணவர் தலைவர்களுக்கு அதே இளநீலம், அதே கருநீலம்தான். அது புனிதனுக்கு அப்போதுதான் உறைத்தது.

“பேசாம நில்லுடா,” என்று காதில் ஓதினான் லோகேஸ்வரன். “பெரிய பெங்காவாஸுங்கல்லாம் இந்த வாரம் உலு யாம் கேம்ப்புக்குப் போயிருக்காங்களாம். இந்த சிகுவும் இன்னிக்குத்தான் மாத்தலாகி வந்திருக்காராம். யாரு மூஞ்சியும் அவருக்குத் தெரியாது.”

“எல்லாரும் போகலையேடா. அங்க பாரு.”

வாசலின் இரு பக்கமும் நீலச் சட்டைகள் நின்றன. புனிதன் எண்ணிப் பார்த்தான். தன்னையும் சேர்த்து ஆறு. எல்லாரும் நல்ல உயரம். கைகளை இறுக்கக் கட்டிக்கொண்டு முறைக்கும் ஓர் அக்கா. தோளில் மாட்டவேண்டிய புத்தகப் பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு இரண்டு பேர். கழுத்துப்பட்டையைச் சரிசெய்வதுபோல நெஞ்சிலேயே கையை வைத்திருந்த ஒருவன். எல்லாருக்கும் தலைவன் மாதிரி, அரும்பு மீசையோடு, ஒரு தடித்த ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு அண்ணன்.

அந்த ஃபைல் அண்ணன் புனிதனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். பிறகு காலிலிருந்து தலைவரை பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் புனிதனுக்குப் பயமாக இருந்தது. கேள்வி கேட்கிறவனை நம்பலாம். ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறவன் மனத்தில் என்னவோ இருக்கிறது.

இதற்குள், மீசை முளைத்த ஐந்தாம் படிவத்தான் ஒருவன் புனிதனைக் கண்டதும் சட்டையை அவசரமாக உள்ளே திணித்துக்கொண்டு, “குட் மார்னிங், பிரதர்,” என்றான். உள்ளதைச் சொல்லலாம் என்ற எண்ணத்தைப் புனிதன் முதல் மணி அடிக்கும்வரை தள்ளிப் போட்டான். மனிதன்தானே.

முதல் மணி அடித்தது. முதலாம் படிவ வகுப்பு வாசலில் போய் நின்றான். முப்பது பிள்ளைகளும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். லோகேஸ்வரன் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்கடியில் எதையோ தேடினான்.

வகுப்பாசிரியை பதறிப் போனார். “என்ன பெங்காவாஸ்? ஏதாவது பிரச்சினையா?”

இப்போது, “டீச்சர், நான் இந்த வகுப்புதான்,” என்று சொல்ல வேண்டும். முப்பது பேர் எழுந்து நிற்கிறார்கள். சொன்னால் முப்பது பேரும் சிரிப்பார்கள். ஐந்தாம் படிவம் வரைக்கும் சிரிப்பார்கள்.

“ஒன்றுமில்லை டீச்சர். வகுப்பு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வந்தேன்,” என்றது புனிதனின் வாய்.

“சுத்தமாகத்தானே இருக்கிறது?”

“சன்னலோரம் கொஞ்சம் தூசி,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான். வந்தபிறகுதான் உட்கார இடமில்லை என்பது புரிந்தது.

அன்று முழுவதும் புனிதன் பள்ளியைச் சுற்றினான். நூலகத்தைத் தாண்டினால் ஃபைல் அண்ணன் எதிரே வந்தான். சிற்றுண்டிச்சாலைப் பக்கம் திரும்பினால் அங்கேயும் ஃபைல் அண்ணன். அறிவியல் கூடத்துக்குப் பின்னால் ஒதுங்கினால், அங்கே ஏற்கெனவே ஃபைல் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். வகுப்பு நேரத்தில் இவன் வகுப்புக்குப் போகாமல் ஏன் சுற்றுகிறான்? வேறு எதற்கு, என்னைப் பின்தொடரத்தான்.

“ரவுண்ட்ஸா?” என்று கேட்டான் ஃபைல் அண்ணன்.

“ஆமாண்ணா. ரவுண்ட்ஸ்.”

“குட். இந்த ஸ்கூல்ல யாரையும் நம்ப முடியாது.”

‘யாரையும்’ என்று சொல்லும்போது அவன் கண் புனிதனின் சட்டைப்பை மேல் இருந்தது. புனிதன் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கி நெஞ்சை மறைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை வேனில் லோகேஸ்வரன் புது வெடியைப் போட்டான். “டேய், நேத்து ஒனக்கு ஆப்சென்ட் போட்டாங்க. மூணு நாள் வரலைன்னா வீட்டுக்குப் போன் போடுவாங்களாம்.”

கலும்பாங் விசில் புனிதனின் காதுக்குள் ஊதியது. “லோகேசு, எனக்காக ஒரு ஒதவி பண்ணுடா. பேரு கூப்புடும்போது நீயே குரல மாத்தி ‘ஹாடிர்’னு சொல்லிடு.”

“மாட்டினா?”

“நாந்தான பெங்காவாஸ். விட்ருவேன்.”

லோகேஸ்வரன் நல்ல நண்பன். நல்ல நடிகன் இல்லை. புனிதனின் பெயரைக் கூப்பிட்டபோது கிழவன் குரலில் ‘ஹாடிர்’ என்றான். டீச்சர் நிமிர்ந்து, புனிதன் எழுந்து நிற்கட்டும் என்றார். லோகேஸ்வரனே எழுந்து நின்றான். பிறகு லோகேஸ்வரனின் பெயரைக் கூப்பிட்டார். அதற்கும் அவனே நின்றுகொண்டிருந்தான்.

பத்து நிமிடத்தில் அவன் சிகு ஹஸ்னியின் அறையில் இருந்தான். அடுத்த ஐந்து நிமிடத்தில் ஆறு நீலச் சட்டைகளும் அங்கே வரவழைக்கப்பட்டன.

“இந்தப் பையன் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான்,” என்றார் சிகு ஹஸ்னி, ஒரு தாளை ஆட்டிக்கொண்டு. “முதலாம் படிவத்தில் முதல் நாளிலிருந்தே பிள்ளைகள் சிலர் வகுப்பில் இல்லை. ஆனால் வேன்காரர்கள் எல்லாரும் பள்ளியில் இறக்கிவிட்டதாகச் சத்தியம் செய்கிறார்கள். இங்கேதான் எங்கேயோ ஒளிந்திருக்கிறார்கள். முதல் பெயர், புனிதன். இவன்தான் தலைவன் என்று நினைக்கிறேன். அடுத்தது...”

அடுத்ததை அவர் படிக்கவில்லை. ஃபைல் அண்ணன் தாளை வெடுக்கென்று வாங்கி ஃபைலுக்குள் சொருகிவிட்டான். “நான் பார்த்துக்கொள்கிறேன், சிகு. எல்லாரையும் பிடித்துவிடுகிறோம்.”

அந்த வேகத்தைப் பார்த்துப் புனிதன் ஓரடி பின்னால் நகர்ந்தான். கைகட்டி அக்கா கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கும் வேட்டைக்கு ஆசை வந்துவிட்டது என்று புனிதன் நினைத்தான்.

சிகு ஹஸ்னி புனிதனின் தோளில் கை வைத்தார். “நீ, முதலில் அந்தப் புனிதனைப் பிடி. நாளைக்குள் அவன் இங்கே நிற்க வேண்டும்.”

“சரி, சிகு,” என்றான் புனிதன். வேறு என்ன சொல்ல?

அதோடு விடவில்லை. லோகேஸ்வரனின் பெயரைக் குற்றப் புத்தகத்தில் எழுதச் சொன்னார். புனிதன் எழுதினான். லோகேஸ்வரன் அவனைப் பார்த்த பார்வையில் ஆறு வருடச் சிநேகிதம் அறுந்து தொங்கியது. ஓய்வு நேரம் முழுக்கக் கொடிமரத்தடியில் அவனை நிற்கவைத்தார்கள். புனிதனுக்கு அழுகையாக வந்தது. நீலச் சட்டை போட்டவன் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டான்.

புதன்கிழமை ஓய்வு நேரத்தில் ஆறு பேரும் மாடிப்படிக்கடியில் கூடினார்கள். புனிதன் இதுவரை இப்படி ஒரு கூட்டம் பார்த்ததில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, யார் பெயரையும் யாரும் கேட்கவில்லை. பெரிய பெங்காவாஸ் என்றால் இப்படித்தான் பெயர்கூடச் சொல்லாமல் இருப்பார்கள் போலும்.

“நான் டோய்லெட் பூரா தேடிட்டேன். யாரும் இல்ல,” என்றான் பையை முன்னால் மாட்டியிருந்தவன்.

“ஸ்டோருல யாரும் இல்ல,” என்றான் இன்னொருவன்.

“என்னைக் கேட்டா, அப்படி யாரும் இந்த ஸ்கூலுக்கு வரவே இல்ல,” என்றாள் கைகட்டி அக்கா. “எல்லாரும் வேற ஸ்கூலுக்கு மாறிப் போயிருப்பாங்க. அப்படியே எழுதிக் குடுத்துட்டுப் போலாம்லா.”

நல்ல யோசனை! புனிதன் சட்டென்று தலையாட்டினான். கழுத்துப்பட்டைக்காரனும் ஆட்டினான். எல்லாருமே ஆட்டினார்கள். ஃபைல் அண்ணன் மட்டும் புனிதனையே பார்த்தான்.

“அந்தப் புனிதன். அவன் எப்படி இருப்பான்னு தெரியுமா ஒனக்கு?”

மாட்டிக்கொண்டோம் என்று புனிதனுக்குத் தோன்றியது. நாக்கு தானாகப் புரண்டது. “குட்டையா, குண்டா இருப்பானாம்ணா. கண்ணாடி போட்டிருப்பானாம்.”

“ஷுவரா?”

“எங்க தோட்டத்துப் பையந்தாண்ணா. எனக்குத் தெரியாதா?”

அந்த நேரம் பார்த்து, குட்டையாக, குண்டாக, கண்ணாடி போட்ட இரண்டாம் படிவத்துப் பையன் ஒருவன் கையில் மீ கோரெங் பொட்டலத்தோடு மாடிப்படியில் இறங்கி வந்தான். மேலே வகுப்புகளைப் பார்த்துவிட்டு, பின்னாலேயே சிகு ஹஸ்னியும் இறங்கி வந்தார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் புரியும்; புனிதன் சொன்ன அங்க அடையாளம் அவர் காதிலும் விழுந்திருந்தது. பையனைப் பிடித்துவிட்டார்.

“நான் புனிதன் இல்லை, சிகு! சத்தியமாக இல்லை!”

“பிடிபட்ட எந்தப் புனிதன்தான் தன்னைப் புனிதன் என்று ஒத்துக்கொள்வான்?” என்றார் சிகு ஹஸ்னி.

பையனின் வகுப்பாசிரியர் வந்து அடையாளம் சொல்லி விடுவிப்பதற்குள் மீ கோரெங் ஆறிப்போய்விட்டது. சிகு ஹஸ்னியின் முகம் சிவந்துவிட்டது. வராத பிள்ளைகளின் பெற்றோருக்கெல்லாம் இன்றே போன் போடும்படி அலுவலகத்துக்குச் சத்தமாக உத்தரவிட்டார்.

ஃபைல் அண்ணன் புனிதனின் பக்கத்தில் வந்து, மெதுவாக, “குட்டையா இருப்பான்னு சொன்னே?” என்றான். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான். எல்லாம் தெரிந்துவிட்டது அவனுக்கு. நாளைக் காலைச் சபைக்கூடலில் எல்லார் முன்னாலும் சட்டையைப் பிடித்து இழுக்கப்போகிறான். வெளுக்காத நீலச் சதுரத்தை ஐந்நூறு பேருக்கும் காட்டப்போகிறான்.

சாயங்காலம் கங்கா வேலை முடிந்து வந்தபோது அவள் முகமே சரியில்லை. கையில் போன்.

“மூணு நாளா ஸ்கூலுக்குப் போகலியாமே நீ?”

“போனேம்மா! தெனமும் போனேன்!”

“ஸ்கூல்ல இல்லன்னு அவங்க சொல்றாங்க, போனேன்னு நீ சொல்ற. அப்ப காலைல சட்டைய மாட்டிக்கிட்டு எங்கடா போய்ச் சுத்துற? ஏறு மோட்டர்ல. தங்கமணிகிட்ட இருக்கறத வாங்கிக்குவோம். கலும்பாங்லயும் அதே பச்சைச் சிலுவாருதான்.”

“அம்மா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளும்மா...”

“மாமாகிட்டச் சொல்லு. அவர் நல்லாக் கேப்பாரு.”

கங்கா மோட்டார் சைக்கிளை வேகமாக முடுக்கினாள். சமிக்ஞை விளக்கில் நின்றபோது புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் புனிதன் கண்ணாடியில் பார்த்தான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கலும்பாங்குக்குப் போவதைவிட அதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

தங்கமணி அக்காவின் கடையில் புது மோட்டார் வந்து சேர்ந்திருந்தது. அக்கா தலையைத் தூக்காமல் எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் வெட்டாத பச்சைத் துணி அடுக்கடுக்காக இருந்தது. புனிதன் உள்ளே காலை வைத்தான். வைத்த கால் அப்படியே நின்றுவிட்டது.

பெஞ்சில், அதே நீலச் சட்டையில், அதே ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி, ஃபைல் அண்ணன்.

பள்ளியில் பின்தொடர்ந்தது போதாதென்று இங்கேயே வந்துவிட்டான். தையல்கடையில் விசாரித்து ஆதாரம் திரட்டுகிறான். ஃபைலுக்குள் எல்லாம் இருக்கும். புனிதனைக் கண்டதும் அவனும் சடாரென்று எழுந்தான். தப்பி ஓடாமல் மடக்கத்தான் எழுகிறான்.

“இது யாருடா?” என்றாள் கங்கா.

“எங்க ஸ்கூல் பெரிய பெங்காவாஸும்மா.”

“நல்லதாப் போச்சு. தம்பி, இவன் மூணு நாளா எங்க போறான்னு நீங்களே மாமாவுக்குச் சொல்லுங்க,” என்று கங்கா போனில் ரவீந்திரன் மாமாவின் எண்ணைத் தட்டினாள். மணி அடிக்கத் தொடங்கியது.

புனிதனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மூன்று நாள் அடக்கி வைத்த அழுகை மொத்தமாகப் பீறிட்டது. ஃபைல் அண்ணனின் காலடியில் போய் விழுந்தான்.

“அண்ணா, மன்னிச்சிருங்கண்ணா! நாந்தாண்ணா புனிதன்! நான் பெங்காவாஸ் இல்லண்ணா, படிவம் ஒன்னு! உடுப்பு தைக்கலண்ணா, பழைய சட்டையப் போட்டுட்டு வந்தேன், சிகு கையில புக்கக் குடுத்துட்டாரு! லோகேசு பேர எழுதுனது நாந்தான்! மீ கோரெங் பையன மாட்டிவிட்டதும் நாந்தான்! எல்லாம் ஒங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்ணா! நாளைக்கு அசெம்பிளில மட்டும் சொல்லாதீங்கண்ணா!”

ஃபைல் அண்ணனின் வாய் திறந்தது. அரும்பு மீசை துடித்தது, ஃபைலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். போனில் மாமா “ஹலோ?” என்றார். கங்கா போனைக் காதிலிருந்து இறக்கினாள்.

தங்கமணி அக்கா மெஷினை நிறுத்தினாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏய்யா, அந்தப் பய கால்ல போயி ஏன்யா விழுற? அவனும் ஒன்னாட்டம் படிவம் ஒன்னுதான்லா. ஸ்கூலு உடுப்பு கேட்டு இன்னிக்கு இங்க வந்து அழுற நெட்டைங்கள்ல நீ ஆறாவது ஆளு!”